கணுக்காலில் ஐந்து துளைகள்

ஜூலை 7, ஞாயிறு

நேற்று மாலை விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கணுக்கால். மருத்துவமனையில் இருக்கிறேன். வேறு விசேஷமில்லை.

ஜூலை 8, திங்கள்

வலி சற்றுக் குறைந்திருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இந்தப் பெண்கள் விடுதிக்கு நான் காப்பாளராக வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. நூற்றுப் பன்னிரண்டு மாணவிகள். மாலை ஏழு மணிக்குக் கேட் பூட்டப்படும். ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு. தாமதமாக வருகிறவள் வாட்ச்மேன் சுடலைமுத்துவிடம் இருக்கும் பதிவேட்டில் பெயர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஜெயசீலி மேடத்தின் கேட் என்று ஊரில் பெயரே உண்டு. இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

சனிக்கிழமை என்னைக் குளியலறையில் கண்டெடுத்தவள் இசக்கிப்பிரியா, மூன்றாம் ஆண்டு இயற்பியல். அவளே தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள். எலும்பு டாக்டர் குற்றாலிங்கம் வருவதற்குள் என் பாதம் வேறு யாருடையதோ போல ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கணுக்காலின் இரண்டு பக்கமும் முறிந்து மூட்டு விலகிவிட்டது என்றார். உடனே மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு பேர் பிடிக்க, இழுத்து நேராக்கி அரை மாவுக்கட்டு போட்டார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன். அவற்றை எனக்குத் தெரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மெதுவாகப் பேசுகிறார், ஆனால் அதிகம் கேட்கிறார். குளியலறைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டார். சனிக்கிழமைகளில் அப்படித்தான் என்றேன். கைக்கடிகாரமும் மல்லிகைப் பூவுமா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். சேலை முழுக்க நனைந்திருந்ததை அவரே பார்த்தார். குளியலறை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஜூலை 9, செவ்வாய்

அறுவை சிகிச்சை உடனே இல்லை. வீக்கம் வடிய வேண்டும். கால் மூன்று தலையணை மேல் உட்கார்ந்திருக்கிறது. தோலில் நீர்க்கொப்புளங்கள்.

மாலையில் திரு. எபநேசர் வந்தார். முருகன்குறிச்சியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். விடுதிக்குத் தாழ்ப்பாள்கள் அவரிடம்தான் வாங்குகிறோம். பிப்ரவரியிலிருந்து பதினான்கு தாழ்ப்பாள்கள் மாற்றியிருக்கிறோம். தாழ்ப்பாள் விஷயமாகப் பேசத்தான் வந்தார். நாற்பது நிமிடம் இருந்தார். சர்க்கரைக்காரிக்கு ஆகும் என்று கொய்யாக்காய் வாங்கி, கழுவி, உப்பு தடவிக் கொண்டு வந்திருந்தார்.

அவர் போன பிறகு நர்ஸ் உங்கள் வீட்டுக்காரரா என்று கேட்டாள். எனக்குத் திருமணமாகவில்லை, அவர் தாழ்ப்பாள்காரர் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அவசியமில்லாமல் சிரிக்கிற பழக்கம் இருக்கிறது.

ஜூலை 10, புதன்

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். வழக்கமாக இந்த முறிவுக்குக் கணுக்காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, தோலை விலக்கி, எலும்பின் மேல் தகடு வைத்து ஆணி முடுக்குவார்களாம். எனக்கு அப்படிச் செய்ய அவர் பயப்படுகிறார். சர்க்கரை இருநூற்று அறுபது. தோலோ உப்பிக் கொப்புளமாக இருக்கிறது. நீளமாகக் கீறினால் காயம் ஆறாமல் சீழ் பிடித்து, ஆபத்து காலோடு நிற்காது என்றார்.

அதனால் துளை வழியாகச் செய்யப் போகிறார். வெளிப்பக்க எலும்பின் நுனியில் விரல் நுழையாத ஒரு கீறல். அதன் வழியாக எலும்புக்குள்ளேயே மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைச் செருகுவார். அது நகராமல் இருக்க மேலே ஒரு துளையில் ஓர் ஆணி. உள்பக்கம் ஒரு துளையில் இரண்டு திருகாணிகள். மூட்டுக்குள் எலும்புத் துணுக்குக் கிடக்கிறதா என்று பார்க்க முன்பக்கம் இரண்டு துளைகள், ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி. மொத்தம் ஐந்து. சாவித்துவாரம் வழியாக ஓர் அறையைப் பார்த்து வேலை செய்கிற மாதிரி என்றார்.

சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது நாகரிகமில்லை என்று நினைப்பவள் நான். கதவருகில் நின்று காது கொடுத்துக் கேட்பதோடு சரி. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

போகும்போது நின்று இன்னொன்று சொன்னார். "நீங்க எப்படி விழுந்தீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல மேடம். ஆனா எலும்பு வேற கதை சொல்லுது. உயரத்துலேர்ந்து குதிச்சு, பாதம் ஒரு எடத்துல மாட்டிக்கிட, ஒடம்பு மட்டும் திரும்பினா இப்படித்தான் முறியும்."

எங்கள் குளியலறையில் ஒரு படி இருக்கிறது என்றேன்.

எவ்வளவு உயரம் என்றார். நான்கு அங்குலம் என்றேன். தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஜூலை 12, வெள்ளி

நேற்றுக் காலை முடிந்தது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். ஆனால் விழித்திருந்தேன். பக்கத்தில் ஒரு திரை, அதில் என் கணுக்கால் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. டாக்டர் ஒரு கம்பியை உள்ளே விடுவதும், படம் எடுத்துப் பார்ப்பதும், ஒரு இழை திருப்பி மறுபடி படம் எடுப்பதுமாக இருந்தார். இடையில் டொக் டொக் என்று சுத்தியல் சத்தம். அது என் எலும்பின் மேல்தான் என்று தெரிந்தபோது ஒரு மாதிரியாக இருந்தது. அவரோ உதவி டாக்டரிடம் தன் மகளின் பள்ளி நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தட்டினார். மகள் அதில் மரமாக நடிக்கிறாளாம். இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டுமாம்.

இரண்டு துண்டு எலும்பும் மெல்ல நெருங்கி ஒன்றாகப் பொருந்தியதைத் திரையில் பார்த்தேன். அழகாக இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். பாதியில் பேசாதீர்கள் என்றார். தியேட்டர் கதவு சரியாகச் சாத்தவில்லை, காற்று வருகிறது என்றும் சொன்னேன். ஒருவர் போய்ச் சாத்தினார்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 13, சனி

விடுதிக்குத் திரும்பினேன். இடது பாதத்தை ஆறு வாரம் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் கம்பி வளையும், எலும்பு நழுவும், மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகு படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வாராம். வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்த வேண்டும். நான் தத்துவதை மாணவிகள் பார்க்காதபடி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

இன்று நடக்க வேண்டிய விசாரணையை ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்த நான் படுத்திருப்பதே காரணம்.

விசாரணை இசக்கிப்பிரியாவின் மேல். ஜூன் இருபத்திரண்டாம் தேதி அவள் தாமதமாக வந்து, பதிவேட்டில் எழுதாமல், வடக்குச் சுவர் ஏறிக் குதித்தாள். டார்ச் விளக்கோடு நானே பிடித்தேன். மாவட்டக் கபடித் தேர்வுக்குப் போனேன், வள்ளியூர் பஸ் வரவில்லை என்றாள். இதுவரை இரண்டு முறை தாமதம், மூன்றாவது முறை எழுதினால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவீர்கள், அதனால்தான் ஏறினேன் என்றாள். நான் மூன்று பக்கப் புகார் எழுதினேன். எங்கே கால் வைத்தாள், எதைப் பிடித்தாள், எங்கே குதித்தாள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். விடுதிச் செயலர் ஹெலன் சற்குணம் அம்மாள் அதைப் படித்துவிட்டு, படமே வரைந்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்.

அதே இசக்கிப்பிரியாதான் இப்போது காலையும் மாலையும் என் அறைக்கு வருகிறாள். நான் கூப்பிடவில்லை. வெந்நீர் வைக்கிறாள், வாக்கரைக் கைக்கு எட்டும்படி நகர்த்துகிறாள், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைக்கிறாள். என் எடை எழுபத்து நான்கு கிலோ. முகம் மாறாமல் தூக்குகிறாள். கபடியில் எதிரியின் காலைப் பிடித்து நிறுத்துவது அவள் வேலையாம்.

அவள் ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏதோ கேட்கப் போகிறாள். கேட்கட்டும்.

ஜூலை 16, செவ்வாய்

சமையலறையில் சொல்லி இசக்கிப்பிரியாவுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைக்கச் சொன்னேன். சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

இரண்டு முட்டை. சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

செயலர் அம்மாள் பார்க்க வந்தார். கையில் ஆப்பிள் பை, முகத்தில் துக்கம். என் காலில் பெரிய மாவுக்கட்டையும் குறுக்கும் நெடுக்குமாகத் தையலையும் எதிர்பார்த்து வந்திருந்தார். நேற்றுதான் கட்டைப் பிரித்து, காயத்தைச் சுத்தம் செய்து, கழற்றி மாட்டுகிற பூட்ஸ் போன்ற ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே ஐந்து சின்னப் பிளாஸ்திரிகள். முள் குத்தியதற்கு ஒட்டுவது போல.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

அவருடைய கொழுந்தனாருக்குக் கணுக்கால் முறிந்தபோது இருபத்து நான்கு தையலாம். அவரே ஒரு மாதத்தில் பஜாருக்கு நடந்துவிட்டாராம். எனக்கு ஏன் ஆறு வாரம் என்று கேட்டார். வெளியே சின்னதுதான், உள்ளே இரண்டு எலும்பு, கம்பி, ஆணி எல்லாம் இருக்கிறது என்றேன். நம்பிய மாதிரி தலையாட்டினார். நம்பவில்லை. இரண்டாம் மாடியில் மாணவிகள் இஷ்டத்துக்கு இருக்கிறார்களாம், ஒரு நடை போய்ப் பார்த்துவிட முடியாதா என்றார்.

அவர் போனபின் மாணவிகள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஏமாற்றம்தான். ஒருத்தி, எங்க ஆத்தாவுக்குக் கட்டி ஒடஞ்சப்பகூட இதவிடப் பெருசு மேடம் என்றாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக என் வார்த்தையை யாரும் நம்பவில்லை. அதுவும் நான் உண்மையைச் சொல்லும்போது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். செயலர் அம்மாள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. பிளாஸ்திரிகளைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஐந்து புள்ளிக்கா இத்தனை பத்தியம்? மாடிப்படி வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று வாக்கரை விட்டுவிட்டு எழுந்தேன்.

பாதம் தரையில் படுவதற்குள் இடுப்பைச் சுற்றி ஒரு கை வந்தது. இசக்கிப்பிரியா வெந்நீர்ப் பாத்திரத்தை வாசலில் போட்டுவிட்டுப் பாய்ந்திருக்கிறாள். என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கு என்னதான் வேண்டும், புகாரைத் திரும்ப வாங்க வேண்டுமா, அதை நேராகக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

அவள் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம். கால மட்டும் கீழ ஊனாதீய. எங்க டீம்ல ஒரு அக்கா இப்படித்தான் ஊனி, இப்பம் வெளையாடவே முடியாமப் போச்சு."

பிறகு முட்டைக்கு நன்றி சொன்னாள். ஆனால் தினமும் இரண்டு சாப்பிட முடியவில்லையாம், வாயு பிடிக்கிறதாம்.

ஜூலை 25, வியாழன்

தையல் பிரித்தார்கள். துளைக்கு ஒன்று இரண்டு என்று மொத்தம் ஏழே ஏழு தையல். காயம் ஐந்தும் சுத்தமாக ஆறிவிட்டது. நீளக் கீறலாக இருந்திருந்தால் உங்கள் சர்க்கரைக்கு இந்நேரம் தலைவலியாகியிருக்கும் என்றார் டாக்டர். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். எலும்புக்குள் கம்பி நேராக நிற்கிறது. செயலர் அம்மாளுக்குக் காட்ட அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் கூட வந்தவர் எபநேசர். இவர் யார் என்று டாக்டர் கேட்டார். தாழ்ப்பாள் என்றேன். டாக்டர் எபநேசரைப் பார்த்து, வணக்கம் தாழ்ப்பாள் சார் என்றார். எபநேசரும் ஒன்றும் மறுக்காமல் வணக்கம் சொன்னார்.

ஜூலை 28, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டில் ஒரு பொய் இருக்கிறது. முதல் வரியிலேயே. மூன்று வாரமாக அதைத் தாண்டித் தாண்டி எழுதுவது ஒற்றைக் காலில் தத்துவதைவிடச் சிரமமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஜூலை ஆறாம் தேதி நான் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். எபநேசரோடு. அவர் மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. பிப்ரவரியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போனேன். அவர் நன்றாகப் பேசினார். மறுவாரம் இன்னொன்று வாங்கினேன். உண்மையில் விடுதியில் பழுதான தாழ்ப்பாள் இரண்டுதான்.

நான்கு மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். ராட்சத ராட்டினத்தில் ஏறலாமா என்று கேட்டது நான்தான், அவரில்லை. எங்கள் தொட்டி உச்சிக்குப் போன நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. ஐம்பத்தோரு வயதில், பட்டுச்சேலையில், வானத்தில் முக்கால் மணி நேரம். கீழே ஊர் முழுவதும் பொம்மை மாதிரி இருந்தது. எபநேசர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவருக்கு உயரம் ஆகாது, எனக்காக ஏறியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பயத்தில் பேசிக்கொண்டே இருந்தவர், கண்ணைத் திறக்காமலே, நாம் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் வந்துவிட்டது. ராட்டினம் குலுங்கி இறங்கியது. கீழே வந்ததும் அவருக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார், பேச்சு அப்படியே நின்றது.

விடுதிக்கு வரும்போது ஏழு இருபது. சுடலைமுத்து எனக்குக் கேட்டைத் திறக்காமல் இருக்க மாட்டான். ஆனால் காப்பாளராக இருந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி போட்டவள் நான். பெயர் எழுதலாம், நேரம் எழுதலாம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ராட்டினம் என்றா?

பின்பக்கம் போனேன். என் புகாரில் நானே எழுதியிருந்தேன். வாய்க்கால் வேலைக்கு இறக்கிய கற்களின் மேல் ஏறி, வேப்பங்கிளையைப் பிடித்து, துணி துவைக்கும் கல்லுக்கு இடப்புறம் குதிக்க வேண்டும். அப்படியே ஏறினேன். சுவருக்கு மேல் உட்கார்ந்தும் விட்டேன். ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு சேலை கிளையில் மாட்டியது. இடப்புறத்துக்குப் பதில் வலப்புறம் விழுந்தேன். பாதம் கல்லுக்கும் சாக்கடைக்கும் நடுவில் செருகிக்கொண்டது, உடம்பு திரும்பியது. உள்ளே கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவள் இசக்கிப்பிரியா. விசாரணை முடியும்வரை அவள் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று நான்தான் உத்தரவு போட்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குளியலறையில் கொண்டு விடு என்று கெஞ்சினேன். முதுகில் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். வெளியே போனவள் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து, "கோவிச்சுக்கிடாதீய மேடம், தரையெல்லாம் காஞ்சு கெடக்கு, யாரும் நம்ப மாட்டாவ" என்று சொல்லி ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 3, சனி

இசக்கிப்பிரியாவின் அப்பா வந்தார். களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கிறார். ஒரு சீப்பு ரசகதலியை மேசையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார். மகளுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து, கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் கெஞ்சவில்லை. "தப்பு செஞ்சிருந்தா அனுப்பிருங்க தாயி. படிச்சது போதும்னு கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். பிறகு, ஊரில் பெண்ணை விடுதியில் விட்டிருக்கிறாயே என்று யாராவது கேட்டால், ஜெயசீலி அம்மா இருக்கிறவரை எனக்குப் பயமில்லை, அவர்கள் பொய் சொல்லவும் மாட்டார்கள், சொல்ல விடவும் மாட்டார்கள் என்று சொல்லுவேன் என்றார். என் கால் சீக்கிரம் சரியாக வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மதியம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

விசாரணை பத்தரை மணிக்கு அலுவலக அறையில். செயலர் அம்மாள், கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியைகள், ஒரு வழக்கறிஞர். சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தவளே குற்றவாளி. என்னை மேசைப் பக்கம் நிறுத்திவிட்டு, எதிரே போய் நின்றுகொண்டாள்.

புகாரை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று பக்கத்தையும் வாசித்தேன். என் எழுத்து எனக்கே பிடிக்கவில்லை. எவ்வளவு துல்லியம்.

செயலர் அம்மாள் இசக்கிப்பிரியாவிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. அந்த ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று நானே ஏங்கினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழக்கறிஞருக்குத்தான் ஒரு சந்தேகம். ஆறடிச் சுவர் என்கிறீர்களே, ஒரு பெண்ணால் தனியாக ஏற முடியுமா, புகாரில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லையே என்று கேட்டார்.

"ஏறலாம் சார்" என்றேன். "ஏறுறது சுலபம். எறங்குறதுதான் கஷ்டம்."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் செயலர் அம்மாள்.

மடியில் இருந்த உறையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். கம்பியும் மூன்று ஆணிகளும் பளிச்சென்று தெரிந்தன. குளியலறை இல்லை, வடக்குச் சுவர், ஜூலை ஆறாம் தேதி ஏழு இருபத்தைந்து, புகாரில் சொன்ன அதே வழி என்றேன். இந்தப் பெண்ணுக்குத் தெரியும், இத்தனை நாள் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை என்றேன். அவள் ஏறியதற்குக் காரணம் பஸ். நான் ஏறியதற்குக் காரணம் பதிவேட்டில் எழுத வெட்கப்பட்டது. அவளை அனுப்புவதாக இருந்தால் முதலில் என்னை அனுப்ப வேண்டும், ராஜினாமாக் கடிதம் கொண்டு வந்திருக்கிறேன் என்று மேசையில் வைத்தேன்.

ஒரு பேராசிரியை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

செயலர் அம்மாள் மட்டும் விடவில்லை. ஏழு இருபத்தைந்துவரை எங்கே போயிருந்தேன் என்று கேட்டார். பொருட்காட்சி, ராட்டினம் என்றேன். தனியாகவா என்றார். இல்லை, எபநேசர் என்பவரோடு என்றேன்.

"அவிய ஒங்களுக்கு என்ன முறை?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

இசக்கிப்பிரியா முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. இசக்கிப்பிரியா விடுதியில் தொடரலாம், மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். போட்டிக்குப் போய்த் தாமதமாக வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியைத் திருத்தியிருக்கிறார்கள். எனக்கு எழுத்துமூலம் கண்டனம். ராஜினாமாவை ஏற்கவில்லை. என் நேர்மையை மெச்சித்தான் என்று நினைத்துச் செயலர் அம்மாளுக்கு நன்றி சொன்னேன். அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் என்றார்.

எக்ஸ்ரே விஷயத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்டார். ஐந்து பிளாஸ்திரிக்குள் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லையாம்.

மன்னிப்புக் கடிதத்தில் இசக்கிப்பிரியா இரண்டு எழுத்துப் பிழை விட்டிருந்தாள். திருத்திக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இசக்கிப்பிரியா மாநில முகாமுக்குத் தேர்வாகி ஈரோடு போயிருக்கிறாள். அவளுக்குப் பதில் இரண்டு முதலாண்டுப் பெண்கள் என்னைத் தூக்குகிறார்கள். இரண்டு முறை நழுவ விட்டார்கள், கட்டிலின் மேல்தான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று ஆறு வாரம்.

டாக்டர் புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். முறிந்த இடத்தில் மங்கலாகப் புது எலும்பு கட்டியிருக்கிறது. நன்றாகப் பிடித்திருக்கிறது, மெதுவாக ஊன்றலாம் என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததற்குப் பாராட்டினார். கம்பியை எடுக்க வேண்டுமா என்றேன். தொந்தரவு இல்லையென்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். பிறகு என் பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, துளைகள் இருந்த இடத்தைத் தேடினார். இரண்டை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவருக்குப் பெரிய சந்தோஷம்.

பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஊன்றுங்கள் என்றதும் கால் வரவில்லை. மனம் சொல்கிறது, கால் கேட்கவில்லை. வியர்த்துவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் அவசரப்படுத்தாமல் நின்றாள். பாதம் தரையைத் தொட்டபோது தரை இத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று மறந்துபோயிருந்தேன். வலித்தது, ஆனால் முறியவில்லை. பதினோரு அடி நடந்தேன். பன்னிரண்டாவதற்கு உட்கார வைத்துவிட்டாள்.

வெளியே எபநேசர் காத்திருந்தார். விசாரணையில் நான் சொன்னது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. பாளையங்கோட்டையில் எது போகாது? ஆனால் இரண்டு வாரமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வெயில் அதிகம், ஆட்டோவை உள்ளேயே வரச் சொல்லட்டுமா என்றுதான் கேட்டார்.

வேண்டாம், ஆட்டோ வரைக்கும் நடக்கிறேன் என்றேன். இருபது அடி இருக்கும். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றேன். அவர் பக்கத்தில் வந்து, தொடாமல், ஒரு முழம் தள்ளி, என்னைவிட மெதுவாக நடந்தார். பாதி தூரத்தில் வாசல் சரிவு வந்தது. நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். சரிவைப் பார்த்து என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார்.

"கையக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். சரிவைத் தாண்டினோம். ஆட்டோ வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தோம், முருகன்குறிச்சி தாண்டும்வரை கையை எடுக்க இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. அதையே என் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.